கை ஓய்ந்த பிறகு

“என் கையை நிறுத்திக் கொடு மாறா. எனக்கு அது போதும்.”

மலை ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே பூங்கோதை கேட்டது இதைத்தான்.

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் இப்போது மாறன் இல்லை. காவி கட்டிய சாமி. கொல்லிமலைச் சரிவில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் அவளிடம் ஆராய்ச்சி செய்தவன். பாதியில் விட்டுவிட்டுப் போனவன்.

“மன்னிக்கணும் சாமி.”

“மாறான்னே கூப்பிடுங்க மேடம். கைக்கு என்ன?”

அவள் போனைக் காட்டினாள்.

காட்டும்போதே கட்டைவிரல் அதைத் தட்டியது. திரை ஒளிர்ந்தது. ஒன்றும் இல்லை. அணைந்தது. விரல் மறுபடி தட்டியது.

“வெயினி” என்றாள்.

இளவெயினி அவளுடைய ஒரே மகள். மைசூரில் இருக்கிறாள். அப்பாவின் காரியம் முடிந்த அன்று வீட்டில் பெரிய சண்டை. ‘அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட உனக்கு லேப்தான் பெருசா இருந்துச்சு. நீ என்னைத் தேடி வராதே. தோணுச்சுன்னா நானே கூப்பிடுறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவள்.

தோன்றியபோது கூப்பிட்டாள். ஒரே நாளில் இரண்டு முறை கூப்பிட்டுச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு மத்தியானம், ‘அம்மா, ரசத்துக்குப் பருப்புத் தண்ணி எப்ப ஊத்தணும்?’ அவ்வளவுதான்.

“குளிக்கும்போது சோப்பு டப்பா பக்கத்துல போன். பாடம் நடத்தும்போது மேஜை மேல போன். தூக்கத்துலகூடக் கை தலையணைக்கு அடியில துழாவுது மாறா. இது என்ன வியாதின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் நிறுத்த முடியலை. அதான் வெட்கமா இருக்கு.”

தெரியாமல் இருக்க வழியில்லை. கூண்டுக்குள் எலி, சுவரில் ஒரு நெம்புகோல், அழுத்தினால் தீனி. அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். அழுத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய எலி, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்த எலி லேசில் விடாது. இந்தத் தடவை வருமோ, அடுத்த தடவை வருமோ என்று அழுத்திக்கொண்டே இருக்கும். தீனி வாயில் விழும்போதைவிட, வருமோ வராதோ என்று இருக்கும்போதுதான் மூளை அதிகம் துடிக்கும். மாறனுக்கே அவள் நடத்திய பாடம்.

“அந்த எலியை எப்படி நிறுத்துவீங்க மேடம்?”

“நீயும்தானே படிச்சே.”

“உங்க வாயால சொல்லுங்க.”

“தீனியை அடியோட நிறுத்தணும். ஆனா நெம்புகோலை எடுத்துடக் கூடாது. அழுத்தி அழுத்தி, இனி வராதுன்னு அதுக்கே புரியணும். முதல்ல வெறி பிடிச்ச மாதிரி அழுத்தும். கம்பியைக் கடிக்கும். அப்புறம் ஓயும்.”

“அப்ப இங்கேயே தங்குங்க. போன் உங்க கையிலேயே இருக்கட்டும். இந்தப் பள்ளத்துல சிக்னல் வராது.”

அவள் தங்கினாள்.

முதலில் வெறிதான் பிடித்தது. பாறை பாறையாக ஏறிப் போனை வானத்துக்குக் காட்டினாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சமையல்காரர் மேல் எரிந்து விழுந்தாள். ஒரு நாள் கொட்டும் மழையில் நின்றுகொண்டு, “ஒரு கோடு சிக்னலாவது வாயேன்டி” என்று போனைப் பார்த்து அழுதாள்.

சாமி பார்த்துக்கொண்டிருந்தார். குடை மட்டும் கொடுத்தனுப்பினார்.

நாள் போகப் போகப் பாறைக்குப் போவது குறைந்தது. போன் கையிலிருந்து பைக்குப் போனது.

ஆனி பிறந்தது. மலையெங்கும் பலா வாசனை.

ஒரு காலை, சீப்பைத் தேடிப் பைக்குள் கைவிட்டவளுக்குப் போன் தட்டுப்பட்டது. சார்ஜ் போய்ச் செத்துக் கிடந்தது. எப்போது செத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழாயடிக்கு ஓடினாள். சாமி அங்கே ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“மாறா, ஓஞ்சிடுச்சு! கை ஓஞ்சிடுச்சு!”

“நல்லது மேடம். அப்ப நீங்க ஊருக்குக் கிளம்பலாம்.”

அவள் தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை.

சாமி நிமிர்ந்து பார்த்தார். அவள் உள்ளங்கை எண்ணெயில் மினுங்கியது. விரலிடுக்கில் பிசின்.

“கையில என்ன?”

“பலாப்பழம் உரிச்சேன்.”

“உங்களுக்குத்தான் அந்த வாசனையே ஆகாதே. யாராவது லேபுக்குக் கொண்டு வந்தா ஜன்னலைத் திறக்கச் சொல்வீங்க.”

“வெயினிக்கு உயிர்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

யாரும் அவளை உரிக்கச் சொல்லவில்லை. விடிந்ததும் மரத்தடிக்குப் போயிருந்தாள். பழத்தைத் தட்டிப் பார்த்து எடுத்து வந்தாள். கைக்கு எண்ணெய் தடவி, சுளை சுளையாகப் பிரித்து, கொட்டை நீக்கி, தூக்குச்சட்டியில் அடுக்கி மூடி வைத்திருந்தாள்.

சாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பிசின் ஒட்டிய அவள் கையைக் காட்டினார்.

“எல்லாத் தீனியையும் நிறுத்தினோமே மேடம். இது எதைத் தின்னு உயிரோட இருக்கு?”

அவள் படித்ததிலும் எழுதியதிலும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கண் நிறைந்தது. எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியவில்லை.

அறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது தோளில் பை, கையில் தூக்குச்சட்டி.

“எங்கே மேடம்?”

“மைசூருக்கு.”

“கூப்பிட்டாளா?”

“இல்லை.”

“வராதேன்னு சொன்னவளாச்சே.”

“சொன்னா.”

சாமி வழியிலேயே நின்றார்.

“கதவைத் திறக்கலைன்னா?”

“நகரு மாறா. பழம் நாளைக்கு மேல தாங்காது.”