சடைச்சியின் கல் கிண்ணம்

மலைகள் எல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலே, தேனடை மலை என்று ஒரு மலை இருந்தது. அதன் அடிவாரத்தில் ஒற்றைக் குடிசை. குடிசையில் மூன்றே பேர். பாறையேறித் தேனெடுக்கும் வேலப்பன், அவன் பெண்டாட்டி செங்கமலம், அவர்களுடைய மூன்று வயது மகள் நாச்சி. நாலாவதாக ஒரு சாம்பல் பூனை. அதை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து அடுப்படியில் படுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் பூனைகளுக்குப் பேச்சு உண்டு. ஆனால் ஆயுளுக்கு மூன்றே தடவை. நம்ம பூனை முதல் பேச்சை ஒரு மீனுக்காகச் செலவழித்தது, மீனும் கிடைக்கவில்லை. இரண்டாவதை ஒரு நாயைத் திட்டித் தீர்த்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதை யாருக்கும் கொடுப்பதாக அதற்கு உத்தேசமே இல்லை.

நாச்சி இருக்கிறாளே, அவள் தன் தாயை அம்மா என்று கூப்பிட மாட்டாள். அப்பன் நாள் முழுக்க “கமலம், கமலம்” என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் கமலம் என்றே கூப்பிடுவாள். வேலப்பன் விழுந்து விழுந்து சிரிப்பான். செங்கமலமும் கூடச் சிரிப்பாள். ஆனால் அந்த வாயால் ஒரு தடவையாவது அம்மா என்று கேட்க அவளுக்கு ஆசை, ஏக்கம் என்றே சொல்லலாம்.

அந்த வீட்டில் ஒரு செவலைப் பசு உண்டு. ஆகவே தயிர் இல்லாத நாள் கிடையாது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவாள் செங்கமலம். அது நாளைக்குத் தயிராகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படியே வந்தது. ஒருநாள் சாயங்காலம் பூனை உறியில் தாவி, தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது. உறை ஊற்ற ஒரு சொட்டு மிஞ்சவில்லை. காய்ச்சிய பாலோ ஆறிக்கொண்டிருந்தது.

ஓடைக்கு அக்கரையில் புளியமரத்தடியில் ஒரு வீடு. அக்கம்பக்கம் என்று இருந்தது அது ஒன்றுதான். அங்கே சடைச்சி என்ற கிழவி தனியாக இருந்தாள். தலை வெள்ளை வெளேர். வாயில் பல் ஒன்றுகூட இல்லை. மூக்கு முழங்காலைத் தொடும் அளவுக்குக் கூன். செங்கமலம் போய் உறைமோர் கேட்டதும், கிழவி காத்திருந்தவள் போல ஒரு கருங்கல் கிண்ணத்தில் எடுத்து வந்து நீட்டினாள்.

“விடிஞ்சதும் கிண்ணத்தைக் கொண்டாந்துடறேன், ஆயா” என்றாள் செங்கமலம்.

“கிண்ணத்துக்கு என்ன அவசரம் தாயி? மெதுவாக் குடு.”

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அந்தச் சீமையில் பெரிய அவமானம். இரண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வேலப்பன் தேனெடுத்து வரட்டும், தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுப்போம் என்று கிண்ணத்தைக் கழுவி மாடத்தில் வைத்தாள் செங்கமலம். அவள் செய்த பிசகு அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வேலப்பனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. பாறையில் பல்லி போல ஏறுகிறவன் பாயை விட்டு எழவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள். கேட்கவில்லை. மூன்று ஊர் தாண்டி வைத்தியரைக் கூட்டி வந்தாள். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, உடம்பு சூடு தணிய மோர்க்கஞ்சி கொடு என்று சொல்லிப் போனார். செங்கமலம் வேளை தவறாமல் மோர்க்கஞ்சி கொடுத்தாள்.

சடைச்சி விசாரிக்க வந்தாள். செங்கமலம் வெட்கத்தோடு கிண்ணத்தைப் பற்றிச் சொன்னாள். “கிண்ணத்துக்கு என்ன அவசரம் தாயி? மெதுவாக் குடு” என்றாள் சடைச்சி. திரும்பிப் போகும்போது பார்த்தால், அவள் முந்தானைக்குள்ளிருந்து நழுவிய முடி கருகருவென்று இருந்தது.

அடுத்தது செங்கமலம் படுத்தாள். காய்ச்சலோடு ஈறு வீங்கிப் பல்லெல்லாம் ஆடியது. சோற்றைத் தொட முடியவில்லை, மோர்தான் ஆகாரம். தள்ளாடித் தள்ளாடிப் பசுவைக் கறந்தாள், பாலைக் காய்ச்சினாள், நேற்றைய தயிரில் ஒரு கரண்டி விட்டாள். சடைச்சி மறுபடி வந்து அதே பேச்சைப் பேசினாள். பேசிவிட்டுச் சிரித்தாள். வாய் நிறைய வெள்ளைப் பல். செங்கமலம் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். காய்ச்சல் வேகத்தில் கண் ஏமாற்றுகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாவதாக நாச்சி விழுந்தாள்.

காலையில் எழுந்தவளால் காலை ஊன்ற முடியவில்லை. முதுகு வில்லாய் வளைந்து நிமிர மறுத்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வேலப்பன் தவழ்ந்து வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். செங்கமலத்துக்கு அழக்கூட வரவில்லை. நமக்கு வந்தது போகட்டும், பிள்ளையை விட்டுவிடு என்று எந்தச் சாமியைக் கேட்பது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கேட்டாள்.

பூனை அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாம் தெரியும். இங்கே வருவதற்கு முன் அது சடைச்சி வீட்டுப் பூனை. கிண்ணம் வந்த நாளிலிருந்து அது இந்த வீட்டுத் தயிரில் நாக்கு வைத்ததே இல்லை. ஆனாலும் கடைசிப் பேச்சைச் செலவழிக்க மனசு வரவில்லை. அப்போது நாச்சி கண்ணைத் திறந்தாள். கையைத் தூக்கத் தெம்பில்லை. ஒற்றை விரலை மட்டும் நீட்டிப் பூனையின் காதைத் தடவினாள். சட்டியைக் கவிழ்த்தது தான்தானே என்று பூனைக்கு உறுத்தியது. அது வாயைத் திறந்தது.

“தயிரும் அவளுது, கிண்ணமும் அவளுது. கிண்ணம் இங்க இருக்கிற வரைக்கும் உங்க உசுரு அங்க போவும். வீட்ல இருக்கிற தயிரை ஒரு சொட்டு விடாம அந்தக் கிண்ணத்துல ஊத்தி, பொழுது மலையில இறங்குறதுக்குள்ள அவ கையில குடு. அவ கைநீட்டி வாங்கணும். வழியில கீழ வச்சே, பிள்ளை உனக்கில்ல.”

அவ்வளவுதான். பூனையின் பேச்சு தீர்ந்தது.

செங்கமலம் சட்டியை வழித்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். அத்தனை தயிரும் அந்தச் சின்னக் கிண்ணத்தில் அடங்கியது. உச்சி வெயிலில் புறப்பட்டாள். ஒரு குருவிச் சத்தம் இல்லை. வாசல் தாண்டும்போது கிண்ணம் செம்புபோல் கனத்தது. ஓடைக்கரையில் குடம்போல் கனத்தது. தண்ணீரில் இறங்கியபோது ஆட்டுக்கல் போல் கனத்து, தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. நடு ஓடையில் கிண்ணம் பேசியது.

“அம்மா” என்றது. நாச்சியின் குரல். “அம்மா, வலிக்குதும்மா. கீழ வையும்மா.”

எத்தனை நாள் கேட்க ஏங்கிய சொல். செங்கமலம் குனிந்தாள், கிண்ணம் தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தது. “அம்மா, அம்மா, அம்மா” என்று கெஞ்சியது. அவள் கண்ணீர் பொலபொலவென்று தயிரில் விழுந்தது.

“என் பிள்ளை என்னை அப்பிடிக் கூப்பிட மாட்டா” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். அந்தக் கனத்தோடு அவள் அக்கரை ஏறுவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

புளியமரத்தடியில் சடைச்சி நின்றாள். கருங்கூந்தல், வெள்ளைப் பல், பாதி நிமிர்ந்த முதுகு. பொழுது சாயச் சாய அந்த முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. கிண்ணத்தைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கிண்ணத்துக்கு என்ன அவசரம் தாயி? மெதுவாக் குடு.”

செங்கமலம் நீட்டினாள், அவள் வாங்கவில்லை. கெஞ்சினாள், வாங்கவில்லை. சூரியன் மலை உச்சியைத் தொட்டுவிட்டது. செங்கமலம் கிழவியின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் தன்மீது இல்லை, கிண்ணத்தின் மீதே இருந்தது. தன்னுடைய பாத்திரத்தை அடுத்தவர் கையில் பார்க்கும் எந்தப் பெண்ணின் கண்ணும் அப்படித்தானே இருக்கும்?

“கை சோர்ந்துபோச்சு ஆயா” என்று சொல்லி, செங்கமலம் விரலைத் தளர்த்தினாள். கிண்ணம் நழுவியது.

“ஐயோ, உடைஞ்சிடும்” என்று சடைச்சி பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த கையோடு அவள் முடி வெளுத்தது. பல் உதிர்ந்தது. முதுகு மடங்கி மடங்கி, மூக்கு முழங்காலைத் தாண்டி மண்ணைத் தொட்டது. அப்புறம் அங்கே ஒரு பிடிச் சாம்பலும் இரண்டாய்ப் பிளந்த கல்லும்தான் கிடந்தன.

செங்கமலம் ஓடினாள். ஓடையில் விழுந்து எழுந்து ஓடினாள். குடிசை வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதோ என்று எட்டிப் பார்க்கப் பயமாயிருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கூப்பிட்டது.

“கமலம், பசிக்குது.”

உலகத்தில் அதைவிட நல்ல சொல் கிடையாது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் முதுகு நேராயிருந்தது.

அன்று பாலுக்கு உறை இல்லை. அவள் யாரிடமும் கேட்கப் போகவுமில்லை. காய்ந்த மிளகாயின் காம்பு இரண்டைக் கிள்ளி வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடினாள். காலையில் கெட்டியாய்த் தோய்ந்திருந்தது. முதல் கரண்டி பூனைக்கு. பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நக்கியது. வேலப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, “கமலம், எனக்கு?” என்றான். “கமலம், எனக்கு?” என்றாள் நாச்சி. அவர்கள் வயிறு நிறைந்தது, நம் கதையும் நிறைந்தது. யார் வீட்டுக் கிண்ணமாவது உங்கள் வீட்டில் இருந்தால், எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.