கம்பத்தில் ஏறிய சக்கரம்

கிரீச், கிரீச் என்று முதலில் வண்டி அச்சுகளின் சத்தம்தான் வரும். கூட்டம் கண்ணில் பட அரை நாள் ஆகும். பறவைகளும் மனிதர்களும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில் மாகியார் மக்கள் ஏழு குலங்களாக வண்டியிலேயே வாழ்ந்தார்கள். கோடை முடிந்ததும் செங்கால் நாரை வானத்திலிருந்து, "கிளம்புங்கள்" என்று கூவும். ஏழு குலத்துக்கும் தலைவனான தோர்தாவின் வண்டி முதலில் உருளும். அது உருளாமல் வேறெந்த வண்டியும் உருளக் கூடாது. அதுதான் அவர்கள் கட்டுப்பாடு.

ஓர் ஆண்டு மலைகளைத் தாண்டி, இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு புல்வெளியில் தங்கியிருந்தார்கள். தோர்தா அச்சுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள் விராக், நிறைமாதக்காரி. முந்தைய இரண்டு பிள்ளைகளும் ஓடும் வண்டியின் குலுக்கலில் பிறந்து, வழியிலேயே புதைக்கப்பட்டவை.

"நாளைக்கு நாரை கூப்பிட்டுவிடும், இல்லையா அப்பா?"

"கூப்பிடும்."

"அந்த இரண்டு குழியும் எங்கே இருக்கின்றன என்றுகூட எனக்கு இப்போது தெரியாது."

தோர்தா கொழுப்புச் சட்டியைக் கீழே வைத்தான். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி, நீளமான கம்பத்தின் உச்சியில் படுக்கையாக அறைந்து, கம்பத்தை நட்டு நிறுத்தினான்.

மறுநாள் நாரை கூவியது. ஓர் அச்சும் முனகவில்லை. அடுத்த குலத்தின் தலைவன் கெமேன் குதிரையில் வந்தான்.

"என்னப்பா, சக்கரத்தைக் காயப்போட்டிருக்கிறாயா?"

"ஆமாம்."

"எப்போது காயும்?"

"பேரப்பிள்ளை நடக்கும்போது வந்து கேள்."

"கட்டுப்பாட்டை மீறுகிறாய்."

"எங்கே மீறினேன்? என் வண்டி உருளவில்லை. அதனால் உன்னுடையதும் உருளக் கூடாது."

கெமேன் சக்கரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு போய், பூட்டியிருந்த காளைகளை அவிழ்த்துவிட்டான்.

நாரை மூன்று நாள் கூவியது. மூன்றாம் நாள் தொண்டை கிழிந்து குரலே போயிற்று. அலகைத்தான் தட்ட முடிந்தது.

"குரலுக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் அந்தச் சக்கரம்தான் இருக்கிறது," என்றான் தோர்தா. "திரும்பி வந்தால் அதில் கூடு கட்டிக்கொள்."

நாரை தனியாகப் பறந்துபோயிற்று.

ஐந்தாம் நாள் குழந்தை பிறந்தது. பனிக்காலத்தையும் தாண்டியது. வசந்தத்தில் நாரை வந்து சக்கரத்தில் இறங்கியது. குழந்தை நடந்தபோது கெமேன் கேட்க வரவில்லை. அவன் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தான். வண்டிகளைச் சுற்றிச் சுவர் வந்தது, சுவரைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி எல்லை. அதுதான் ஹங்கேரி.

அன்று முதல்தான் செங்கால் நாரை குரலில்லாமல் அலகைத் தட்டுகிறது. அந்த நாட்டாரும் கம்பத்தில் சக்கரம் ஏற்றி வைத்து, அது வரக் காத்திருக்கிறார்கள்.

நாரை சக்கரத்தில் இறங்கிய அந்த வசந்தத்திலும் தோர்தா, பழக்கம் விடாமல், கொழுப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று சக்கரங்களின் அச்சுக்குத் தடவ உட்கார்ந்தான்.