வெறுப்பே இல்லாத மாவட்டம்

சுரைக்கோட்டை மாவட்டத்தை வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கே மூன்று வருடமாக ஒரு அரசுத் திட்டம் நடந்துவந்தது. சாதியையோ மதத்தையோ பார்த்து ஒருவரை அடித்தால், வீட்டைக் கொளுத்தினால், கடையை உடைத்தால் அதை வெறுப்புக் குற்றம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மதிப்பிட மூன்று பேர் கொண்ட குழு வந்து இறங்கியது.

தலைவர் கோதண்டபாணி, அரசாங்க வார்த்தையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுபவர். 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஓர் அலுவலகத்தில் எழுதியிருக்க, அன்று வெறுங்காலோடு போயிருந்தவர், வீட்டுக்குத் திரும்பிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, கழற்றிவிட்டு உள்ளே போனார். நீலமேகமும் சப்பாணிமுத்துவும் அவரிடம் தொழில் பழகியவர்கள்.

காவல் நிலையத்தில் ஏட்டு பதிவேட்டை நீட்டினார். மூன்று வருடமும், பக்கத்துக்குப் பக்கம் பூஜ்யம்.

"பூஜ்யம் வந்தால் அது உண்மையான பூஜ்யமா என்று ஆராய வேண்டும்னு ஆணையில இருக்கு," என்றார் நீலமேகம்.

சப்பாணிமுத்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. "எல்லாம் வட்டமாத்தான் இருக்கு. ஆறு இல்லை, ஒன்பது இல்லை. வால் எதுக்குமே இல்லை."

"எப்படி இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"படிவத்துல, 'வெறுப்பினால் செய்தாரா'ன்னு ஒரு கேள்வி இருக்கு சார்," என்றார் ஏட்டு. "அடிச்சவரையே கூப்பிட்டுக் கேட்டுடுவோம். இல்லைம்பாரு. கையெழுத்தும் போட்டுக் குடுத்துடுவாரு."

"நேரடித் தகவல்," என்று கோதண்டபாணி மெச்சிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் தவமணி வந்தார். காலனியில் குடியிருப்பவர். கடைத்தெருவில் இட்லிக்கடை போட்டு, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சும் போட்டிருந்தார். காலனி ஆட்கள் கடைத்தெருவில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று, ஊர்த் தெருவின் பெரிய மனிதர் ரத்தினசாமி நாலு பேரோடு வந்து கடையை நொறுக்கிவிட்டுப் போயிருந்தார். புகார் கொடுக்கத் தவமணி வருவது அன்றோடு ஆறாவது தடவை.

குழு உடனே ரத்தினசாமி வீட்டுக்குப் போனது. மோர் வந்தது. குடித்துவிட்டுக் கேட்டார்கள்.

"வெறுப்பா? அந்தம்மா மேல எனக்கு என்னங்க வெறுப்பு?" என்றார் ரத்தினசாமி. "அவங்க இடத்துல அவங்க இருந்தா மரியாதையாத்தான் பேசுவேன். அந்த பெஞ்சுதான் கண்ணை உறுத்துச்சு."

வெளியே வந்ததும் மூவரும் வேப்பமரத்தடியில் கூடி ஆலோசித்தார்கள்.

"அப்போ பாதிக்கப்பட்டது பெஞ்சு," என்றார் நீலமேகம்.

"பெஞ்சு என்ன சாதி?" என்று கேட்டார் சப்பாணிமுத்து.

"பலா மரம்."

"அடிச்சவரு வீட்டுக் கதவும் பலாதான். நான் பார்த்தேன். அப்போ சாதி விட்டுச் சாதி இல்லை."

"இருந்தாலும் பாதிக்கப்பட்டவரை விசாரிக்காம விடக்கூடாது," என்றார் கோதண்டபாணி.

விசாரித்தார்கள். மூன்று காலோடு சாக்கடை ஓரம் கிடந்த பெஞ்சின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லி, அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு சப்பாணிமுத்து எழுதினார்: 'பாதிக்கப்பட்டவர் புகார் தர விரும்பவில்லை.'

நிலையத்தில் தவமணி காத்திருந்தார். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். அவர் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார்.

"அடுப்பை உதைச்சப்ப கொதிக்கிற சாம்பார் என் கால்ல கொட்டிச்சு சார்," என்றார். "புண்ணு இன்னும் ஆறலை. இந்தக் காலோட ஆறு தடவை நடந்து வந்திருக்கேன். நீங்க பெஞ்சைப் போய்க் கேட்டுட்டு வர்றீங்க. உங்க மூணு பேரையும் பார்த்தாலே வெறுப்பா இருக்கு."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் கோதண்டபாணி.

"வெறுப்பா இருக்குன்னேன்."

நீலமேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடத்தில் தன் வாயால் ஒப்புக்கொண்ட முதல் ஆள். புதுப் படிவத்தை எடுத்தார்கள். குற்றம் செய்தவர்: தவமணி. பாதிக்கப்பட்டவர்: மதிப்பீட்டுக் குழு. ஆயுதம்: பார்வை.

"அடுத்தது, 'வெறுப்புக்கான காரணம். ஒன்றுவிடாமல் எழுதவும்'," என்று படித்தார் சப்பாணிமுத்து. "சொல்லுங்கம்மா, ஒன்றும் விடக்கூடாது."

தவமணி அந்தப் படிவத்தைப் பார்த்தார். கோதண்டபாணி கையில் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தேதி, நேரம், ரத்தினசாமி, கூட வந்த நாலு பேருடைய பெயர், சாதியைச் சொல்லி அவர்கள் பேசிய பேச்சு, ஏட்டு அவரைத் திருப்பி அனுப்பிய ஐந்து தடவை எல்லாம் சொன்னார். சப்பாணிமுத்து நாலு தாள் எழுதினார். ஏட்டு இரண்டு தரம் இருமினார். யாரும் கவனிக்கவில்லை. கோதண்டபாணி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"எனக்கு ஒரு நகல் வேணும் சார்."

"குற்றவாளிக்கு நகல் கொடுக்கணும்னு ஆணையிலேயே இருக்கு," என்று பெருமையாகக் கொடுத்தார் கோதண்டபாணி.

தவமணி அதை நேரே ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார். முத்திரை போட்ட தாளை நீதிமன்றத்தால் ஒதுக்க முடியவில்லை. அடுத்த மாதம் ரத்தினசாமியும் நாலு பேரும் ஜாமீனுக்கு அலைந்தார்கள். ஏட்டு வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். இட்லிக்கடை மறுபடி திறந்தது.

குழுவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் அறிக்கை எழுதுவதில் மும்முரமாக இருந்தார்கள். 'நாங்கள் வரும்வரை இந்த மாவட்டத்தில் வெறுப்பு என்பதே இல்லை. மக்கள் எங்களைப் பார்த்த உடனே கிடைத்துவிட்டது. ஆகவே இனி தகவல் சேகரிக்க மக்கள் எங்களைப் பார்த்தாலே போதுமானது' என்று முடித்தார்கள்.

மேலிடம் படித்து வியந்து ஒப்புதல் கொடுத்தது. இப்போது மூவரும் மாவட்டம் மாவட்டமாகத் திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு போகிறார்கள். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று, ஒவ்வொரு முச்சந்தியிலும் வண்டியை நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்று திரும்பிக் காட்டுகிறார்கள்.