முந்தைய படம்

"டீச்சர், பதினோரு வருஷம் ஒழுங்கா ஓடின புரோகிராம். ஒரு எழுத்துகூட மாத்தல. இப்ப ஏன் பின்னால போக மாட்டேங்குது?"

இன்பநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுபைதா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். டேட்டாபேஸ் வேலையை இன்பநாதன் சுபைதாவிடம்தான் கற்றார், அதனால் டீச்சர் என்று கூப்பிடுவார்.

"என்ன புரோகிராம், சார்?"

"அடையாளம் தெரியாத உடல்களோட படங்களை, காணாமப் போனவங்க குடும்பத்துக்கு ஒவ்வொண்ணா காட்டுறது. போன வாரம் புது டேட்டாபேசுக்கு மாறினோம்."

சுபைதா ஒரு நாற்காலியை அவருடைய அலுவலக மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்பநாதன் தொடர்ந்தார்.

"நேத்து ஒரு அம்மா வந்தாங்க. மகனக் காணோம், நாலு மாசமாச்சு. நாப்பத்தோராவது படத்துல கொஞ்சம் நின்னாங்க. நான் கவனிக்காம அடுத்ததுக்குப் போயிட்டேன். 'முந்தினதக் காட்டுங்கய்யா'ன்னாங்க. அமுக்கினேன். பிழைன்னு வந்துச்சு."

"அப்புறம்?"

"முதல்லேருந்து வரணும்மான்னேன். அத்தனை முகத்தையும் மறுபடி பாக்க என்னால ஆகாதுன்னு எழுந்து போயிட்டாங்க."

இன்பநாதனே தொடர்ந்து சொன்னார்: "திரைய என் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, நாப்பத்தொண்ணு வரைக்கும் நானே தள்ளிட்டு வந்திருக்கலாம். அப்போ தோணல."

சுபைதா அந்தப் புரோகிராமைத் திறக்கச் சொன்னார். பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கர்சரை அறிவித்த வரியில் விரலை வைத்தார்.

"பின்னால போகணும்னு இதுல எங்க சொல்லியிருக்கீங்க?"

இன்பநாதன் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"சொல்லல. ஆனா போச்சே."

"பழைய டேட்டாபேஸ், சொல்லலைன்னா போகலாம்னு எடுத்துக்கிச்சு. புதுசு, சொல்லலைன்னா போகக் கூடாதுன்னு எடுத்துக்குது."

கீபோர்டை இன்பநாதன் பக்கம் நகர்த்தினார்.

அவர், பின்னாலும் போகலாம் என்று சொல்லும் 'ஸ்க்ரோல்' என்ற ஒரு சொல்லை அந்த வரியில் சேர்த்தார். ஓட்டினார். நாற்பத்திரண்டு வரை போய், முந்தையதை அமுக்கினார்.

நாற்பத்தோராவது படம் வந்தது. இருபது வயதுப் பையன். புருவத்தில் பழைய தழும்பு.

"சரியாயிடுச்சு," என்றார் சுபைதா.

இன்பநாதன் எழுந்திருக்கவில்லை. படத்தையும் மூடவில்லை.

"அந்த அம்மா எந்த ஊரு, சார்?"

"பையன் பேரு மட்டும் சொன்னாங்க. ஊரு, போன் நம்பர் எதுவும் நான் வாங்கல. படம் பாத்து அடையாளம் சொன்ன பிறகுதான் எழுதிக்குவோம்."

வெளியே அடுத்த குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"திரும்பி வருவாங்கல்ல, டீச்சர்?"

சுபைதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சொல்லிட்டுப் போனாங்களா?"