மருந்தில்லாத துப்பாக்கியும் மணி பிடித்த ராயசமும்

ஆலங்கோட்டைப் பாளையத்தின் துப்பாக்கிக் கொட்டடிக்குச் சடையப்பர்தான் பொறுப்பு. மனிதர் சோறு தின்ன மறந்தாலும் மறப்பார், துப்பாக்கிக்கு எண்ணெய் போட மறக்கமாட்டார். குறிபார்த்துச் சுடும் ஏழு இளவரசிகளைப் பற்றிப் பாவைக்கூத்து வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கூத்தை எழுதியவர் அரண்மனை ஓலைகளை எழுதும் ராயசம் திருவேங்கடம். அவர் வீட்டுக்கே ஒரு துப்பாக்கியைத் தூக்கிப்போய், எது திரி, எது வெடிமருந்து என்று மூன்று நாள் விளக்கிவிட்டு வந்தார் சடையப்பர். கூத்து நடந்த ஏழு நாளும் முன்வரிசையில் இடம் பிடித்தார்.

எட்டாம் நாள் காலை சபைக்கு வந்தபோது வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி இருந்தார்.

சபையே கூத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தது. ராஜா வல்லக்கொண்டமர் சொக்கிப்போயிருந்தார். "சடையப்பா, உன் சரக்காச்சே! நீ சொல்லு, கூத்து எப்படி?"

"பாவைகள் அழகு மகராஜா. தோலைச் செதுக்கினவன் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்."

"கதை?"

"ஏழு நாளில் துப்பாக்கியை எடுத்தது ஏழே தடவை. மிச்ச நேரமெல்லாம் குளிக்கிறார்கள், அதிரசம் தின்கிறார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுகிறார்கள். ஒருத்தியாவது மருந்து கெட்டித்தாளா? திரி பற்றவைத்தாளா? இத்தனூண்டு புகை வந்ததா? பாவையைத் திருப்பினால் வலப்பக்கத்துத் திரி இடப்பக்கம் போய்விடுகிறது! அந்த மின்னல்கொடி இருக்கிறாளே, குழலைத் தோழிகள் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டி ஊர்க்கதை பேசுகிறாள். என் கொட்டடியில் ஒருத்தன் அப்படிப் பேசினால் மறுநாள் மாடு மேய்க்கத்தான் போவான்."

ராயசத்துக்கு மூக்கு விடைத்தது. "எல்லாம் வயிற்றெரிச்சல் மகராஜா! செத்துப்போன அம்மாவை நினைத்து அழுதபடியே, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்நூறு அடி தூரத்தில் தோழி தூக்கிப் பிடித்த மணியை அடித்தாளே மின்னல்கொடி, இவரால் முடியுமா? சுடுவதற்கு மனசுதான் வேண்டும். மருந்தாம் மருந்து!"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "சடையப்பா, இப்போதே முற்றத்துக்கு வா. அவள் செய்தபடியே செய்து மணியை அடி. முடியாவிட்டால் கொட்டடிச் சாவியை ராயசத்திடம் கொடுத்துவிடு."

சடையப்பர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். சாவி போனால் போகட்டும். கொட்டடியில் நாற்பது வீரர்கள் இருக்கிறார்களே! அம்மாவை நினைத்துக்கொள் என்று சொல்லி இந்த ராயசம் அவர்களை எல்லைக்கு அனுப்புவார். எதிரி மருந்தோடு வருவான்.

"அப்படியே ஆகட்டும் மகராஜா. மயிரிழை மாறக்கூடாதல்லவா?"

"மாறவே கூடாது."

"அப்படியானால் மருந்து கெட்டிப்பது கிடையாது, திரி பற்றவைப்பது கிடையாது. மணியைத் தூக்கிப் பிடிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். எழுதினவரே நின்றால் பிசகு வராது."

ராஜா தலையாட்டினார். ராயசம் வேறு வழியில்லாமல் மணியோடு ஐந்நூறு அடி நடந்து போய் நின்றார். சடையப்பர் துப்பாக்கியைத் தூக்கினார். கண்ணை மூடினார். "அம்மா!" என்று விம்மினார்.

"நிறுத்தும்!" என்று ராயசம் திரும்பி ஓடிவந்தார். "உள்ளே மருந்து போட்டு வைத்திருந்தால்? நான் பார்க்கணும்."

"தாராளமாகப் பாரும்."

பக்கத்திலேயே மருந்து கெட்டிக்கும் கம்பி இருந்தது. அதைக் குழலுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று ராயசத்துக்குத் தோன்றவில்லை. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் குழல் வாயில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கொட்டடி வீரர்கள் நாற்பது பேரும் "ஐயோ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"சுத்தமாக ஒன்றுமில்லை!" ராயசத்துக்கு உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மணியைத் தூக்கினார். கணகணவென்று ஆட்டவும் செய்தார். "சுடும் ஐயா! சாயங்காலம் வரைக்கும் சுடும்!"

சடையப்பர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் ராஜா.

"வழக்கு முடிந்துவிட்டதே மகராஜா. எழுதினதை அவரே நம்பியிருந்தால் அங்கே நின்று மணியாட்டுவாரா? மருந்தில்லாமல் குண்டு வராது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏழு நாள் வாயைப் பிளந்து பார்த்தது நாம்தான். குழலுக்குள் கண்ணை வைத்து மருந்து தேடுகிற மனிதர் அவர். அவரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள். எதிரிக்கு இவ்வளவு தூரம் வருகிற சிரமம் மிச்சம்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தூரத்தில் நின்ற ராயசத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஏன் சுடவில்லை? பயமா?" என்று இன்னும் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து முற்றமே சிரித்தது.

ராஜா தம் சால்வையைச் சடையப்பருக்குப் போர்த்தினார். "சாவி உன்னிடமே இருக்கட்டும். அடுத்த மாதம் கூத்தின் இரண்டாம் பாகம் ஏழு நாள் நடக்கப்போகிறதாம். நீ வரவேண்டாம், உன்னை விட்டுவிட்டேன். போ!"

சடையப்பர் பதறிப்போனார். "ஐயையோ, அந்தத் தண்டனை மட்டும் வேண்டாம் மகராஜா! முன்வரிசையில் எனக்கு இடம் வேண்டும். ஒருத்தியாவது மருந்து போடுகிறாளா என்று பார்க்கணுமே!"