கல்வாசலின் மூன்றாவது கேள்வி

மூன்று பேர் ஒரு பரிசுக்கு அடித்துக்கொண்ட கதை உங்களுக்கு எத்தனையோ தெரிந்திருக்கும். இது வேறு ரகம். இதில் மூன்று பேரும் பரிசை அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். நிதானமாகக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

கோவை பீளமேட்டில் ஒரு சிறிய பதிப்பகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மாயக்கதை ஆட்டங்களை அது வெளியிட்டு வந்தது. ஒருவர் புத்தகத்தைப் பார்த்து ஆட்டத்தை நடத்துவார். அரசனும் பூதமும் வழிப்போக்கனும் அவர் வாயால்தான் பேசுவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடையை உருட்டி, அந்த உலகத்துக்குள் போவார்கள். ஆட்டம் வரும் பெட்டிக்குள் அந்த உலகத்தின் வரைபடமும் இருக்கும். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் கீழே அதைப் படைத்தவர் பெயரை அச்சிடுவது அங்கே வழக்கம். ஓர் இடத்துக்கு ஒரே பெயர்தான்.

அந்த வரைபடத்தில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று தமயந்தி இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய காடு வேண்டாமென்று திரும்பி வந்தது. கிணறு திரும்பி வந்தது. மிதக்கும் சந்தையும் வந்தது. நான்காவதாக எழுதிய கல்வாசல் மட்டும் சோதனை ஆட்டம் வரைக்கும் போனது. அந்த வாசலை ஆயிரம் வருடமாக ஒரு பூதப்பெண் மறித்து நிற்கிறாள். மூன்று கேள்வி கேட்பாள். மூன்றாவது பதில் அவள் மனசுக்குப் பிடித்தால் கதவு திறக்கும்.

சோதனை ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் அறையில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. கடையில் வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் எழுத்தாளர் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாதே!

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம் நடந்தது. நடத்தியவர் இன்னாசி, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், ஆறடி உயரம். ஆடியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஷமீமா, இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவர். இன்னொருவன் நான்.

இன்னாசி எழுந்து நின்று பூதப்பெண்ணாகப் பேசினார். இரண்டு கேள்விகளைத் தாண்டிவிட்டோம். அவர் பக்கத்தைப் புரட்டினார். 'மூன்றாவது கேள்வி' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மூலையில் இருந்த தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னாசி அவளை நிமிர்ந்து பார்த்தார். சட்டப்படி அவள் முகத்தைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வேண்டுமென்றேதான் இடம் விட்டிருக்கிறாள் என்று இன்னாசி முடிவு செய்துவிட்டார். புத்தகத்தை மூடினார். பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். மூன்றாவது ஆட்டக்காரர் "உன் பேரு என்ன?" என்று கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பகடையை உருட்டிப் பார்த்த அசடு நான்தான்.

ஷமீமா கையில் இருந்த வாள் அட்டையை மேசையில் வைத்தார்.

"ஏம்மா, எத்தனை நாளா இப்படி நின்னுட்டே இருக்கே? கால் வலிக்காதா? செத்த உக்காரு. கதவை நான் பாத்துக்கறேன்."

இன்னாசி மெல்ல, மிக மெல்ல, நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆயிரம் வருஷத்துல என்னை யாரும் உக்காரச் சொன்னதில்ல" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "கதவு திறக்குது."

எதிரே இருந்தது வெறும் சுண்ணாம்புச் சுவர். அது திறந்ததை நான் பார்த்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பதிப்பாளர் ருக்மாங்கதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கேள்வியையே எழுதாம விட்டீங்க பாருங்க, அதுதாம்மா எழுத்து! உங்க பேரு வரைபடத்துல வந்தாச்சு!"

தமயந்தி ஒரு புன்னகை செய்திருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும்.

"இல்லீங்க சார். நான் வேணும்னு விடலை, மறந்துட்டேன். காலைல எழுதிக்கலாம்னு இடம் விட்டு, அப்படியே அனுப்பிட்டேன். அந்த மௌனம் இன்னாசியண்ணனோடது. அவர் பேரைப் போடுங்க."

"தப்புன்னு தெரிஞ்சிருந்தா நானே ஒரு கேள்வியைக் கேட்டு ஒப்பேத்தியிருப்பேன்" என்றார் இன்னாசி. "நீ எழுதினதுன்னு நம்பித்தான் சும்மா நின்னேன். கதவைத் திறந்தது ஷமீமாக்கா. அவங்க பேரைப் போடுங்க சார்."

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு எதுக்குப்பா? நான் என்ன கதையா கட்டினேன்? ஒரு பொம்பளை நின்னுட்டே இருந்தா, உக்காரச் சொன்னேன். அவளை அங்கே நிக்க வெச்சது இந்தப் புள்ளைதானே!"

ருக்மாங்கதன் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் வரைபடம் அச்சுக்குப் போக வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். மறந்துபோய் இடம் விட்டவளா, அவளை நம்பி மௌனமாக நின்றவரா, மனசாரப் பதில் சொன்னவரா? கல்வாசலுக்குக் கீழே யார் பெயர் வருவது நியாயம்?

விடை: என் கட்சி தமயந்திதான். ஷமீமாவின் கருணையைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. இன்னாசியின் மௌனமும் அந்த மேசையோடு முடிந்தது. நாளைக்கு எங்கோ ஓர் ஊரில் அந்தக் கதவு திறக்காமல் போனால் அதற்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். பெயர் போடுவது அதற்காகத்தான். ஆசைப்பட்ட பெயர் கைக்கு வந்த நேரத்தில் தன் தவறைச் சொன்னவளைவிட அதற்குத் தகுந்த ஆள் யார்? ருக்மாங்கதனும் அப்படித்தான் தீர்த்தார். தமயந்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மூன்றாவது கேள்விக்கான இடம் காலியாகவே இருக்க வேண்டும், இந்த முறை தெரிந்தே. ஆட்டம் வெளிவந்தது. அச்சுப்பிழை என்று ஏழு பேர் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஏழு பேருக்கும் புத்தகத்தைத் திரும்ப அனுப்பி, கூடவே அவளே கைப்பட எழுதினாள்: 'அவசரப்படாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.' ஒருவரிடமிருந்து பதில் வந்தது. அவருடைய மாமனார், பகடையையே தொட்டறியாத மனிதர், பூதப்பெண்ணை நிமிர்ந்து பார்த்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாராம். கதவு திறந்துவிட்டதாம்.