கயிற்று அரண்மனை

இப்போது இருக்கிற ஊர்களெல்லாம் தோன்றுவதற்கு முந்தைய காலம். குவளை நாட்டை மருதவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் தோன்றிய யோசனை மாலைக்குள் நடந்துவிட வேண்டும் அவனுக்கு. அப்படிப்பட்டவன் கையில் கஜானா சாவியும் இருந்தால் அமைச்சர் பாடு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராணி பூங்கோதைக்கு ஒரு பெண், ஒரு பையன். மூன்றாவதாக வயிற்றில் ஏழு மாதம். ஒரு நாள் சபையில் ராஜா, "குடும்பம் பெருகுகிறது. வீடும் பெருக வேண்டாமா?" என்றான்.

இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் கட்டட அதிகாரி மாடமுடையார். "பெருகத்தான் வேண்டும், மகாராஜா. ஐம்பது அறை போடலாம். ஆளுக்கொரு மாளிகை. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தனிக்கூடம்." நாட்டிலுள்ள சுண்ணாம்புக் காளவாய்கள் எல்லாம் தன் மைத்துனருடையவை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"பணத்துக்கு?"

"பெரிய ஏரியின் கரையைக் கெட்டிப்படுத்த வைத்திருக்கிறோமே, அது சும்மாதானே கிடக்கிறது. ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது?"

ஏரியின் நிலை அமைச்சர் அம்பலவாணருக்குத் தெரியும். ஏரிக் கரையில் விரிசல் விட்டிருந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் கரை உடையும், கீழே இருக்கிற வயல் முழுக்கப் போகும். நாடு சாப்பிடுவது அந்த நெல்லைத்தான். அரண்மனை அடுப்பில் வேகிறதும் அதே நெல்தான்.

"என்ன அமைச்சரே, வாயில் கொழுக்கட்டையா?" என்று கேட்டான் ராஜா.

வேண்டாம் என்று சொன்னால் ராஜா இன்னும் பத்து அறை சேர்த்துக் கட்டுவான் என்பது அமைச்சருக்குத் தெரியும். "நல்ல யோசனைதான், மகாராஜா. ராணியாரைக் கேட்டீர்களா?"

"அவளை என்ன கேட்பது? கட்டி முடித்துக் காட்டினால் பூரித்துப் போவாள்."

"அமைச்சருக்குச் சிறிய வீட்டிலேயே இருந்து பழக்கம்" என்றார் மாடமுடையார். "விசாலம் என்றால் அவருக்குப் பயம்."

"கொஞ்சம் பயம்தான்" என்று ஒப்புக்கொண்டார் அமைச்சர். "மகாராஜா, கடைக்கால் தோண்டுவதற்கு முன் முளை அடித்துக் கயிறு கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டி, அந்தக் கயிற்று வீட்டில் குடும்பத்தோடு ஒரு பகல் இருந்து பாருங்கள். கயிறு இருக்கிற இடமெல்லாம் சுவர், தாண்டக் கூடாது. வாசல் விட்ட இடத்தில்தான் நுழையலாம். மனசுக்குப் பிடித்திருந்தால் பணத்தை நானே எடுத்துத் தருகிறேன். பிடிக்காவிட்டால் அது ஏரிக்குப் போகட்டும்."

விளையாட்டு என்றால் ராஜாவுக்குக் கொள்ளைப் பிரியம். உடனே சம்மதித்தான்.

ஊருக்குக் கிழக்கே இருந்த திடலில் முளை அடித்துக் கயிறு கட்டி, ஆங்காங்கே பந்தல் போட்டார்கள். கொலுமண்டபத்தில் ராஜா, அந்தப்புரத்தில் ராணி, பிள்ளைகள் தங்கள் முற்றத்தில். காலையில் எல்லாம் ஜோராக இருந்தது. "எவ்வளவு கம்பீரம் பார்த்தீர்களா?" என்று மாடமுடையார் மீசையைத் தடவிக்கொண்டார். சாப்பாடு வந்தபோதுதான் ராஜாவின் முகம் கொஞ்சம் மாறியது. மடைப்பள்ளியிலிருந்து அத்தனை வாசல் கடந்து வந்த சோறு ஜில்லென்று இருந்தது.

உச்சி வேளையில் சின்னவன் ஓடி விளையாடும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். "அப்பா..." என்று அழுதான். குரல் கேட்கிற தூரம்தான். ராஜா எழுந்து கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

"சுவர், மகாராஜா" என்றார் அமைச்சர்.

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு வாசலைத் தேடி ஓடினான். ஒரு நடை, அதற்கப்பால் ஒரு கூடம், திரும்பினால் ஆயுதசாலை, அதற்கு மறுபக்கம் வழியே இல்லை. வந்த வழியே திரும்பினான். அந்தப் பக்கம் ராணி இடுப்பில் கை வைத்தபடி நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று மூச்சு வாங்கினாள். பையன் அப்பா, அம்மா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். வாசலுக்காக அவர்கள் சுற்றிப் போனது, தன்னை விட்டு விலகிப் போவதாகத்தான் அவனுக்குத் தெரிந்தது.

ராஜா வந்து சேர்ந்தபோது பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தான். புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அந்த ராஜாவின் மேல் இரக்கம் வந்தது இந்த இடத்தில்தான்.

"இது என்ன கொடுமை, அமைச்சரே? கண்ணெதிரே பிள்ளை அழுகிறான், என்னால் போக முடியவில்லை."

"கயிறு என்பதால் கண்ணில் பட்டது, மகாராஜா. சுவராக இருந்தால் இளவரசர் விழுந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது."

ராஜா பிள்ளையின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். ராணி மெல்ல வந்து புல்லில் உட்கார்ந்ததும், "பூங்கோதை, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"இதை முதலிலேயே கேட்டிருந்தால் என் கால் இப்படி வீங்கியிருக்காது" என்றாள் அவள். "நம் அறையை ஒட்டி இன்னும் ஒரு அறை, நடுவில் ஒரு கதவு. அது போதும். மூன்று பிள்ளைகளும் எத்தனையோ வருஷம் சாப்பிட வேண்டியவர்கள். ஏரிப் பணத்தில் கை வைக்காதீர்கள்."

"வேண்டுமானால் அளவைக் கொஞ்சம் குறைத்து..." என்று இழுத்தார் மாடமுடையார்.

"எதற்குக் குறைப்பது?" என்றான் ராஜா. "ரசித்து ரசித்துப் போட்ட மாளிகை அல்லவா? கயிற்றை நீரே அவிழ்த்துச் சுருட்டும். வாசல் வழியாக மட்டும்தான் நடக்க வேண்டும். அப்புறம், ஏரி மதகுக்குச் சுண்ணாம்பு வேண்டும். உம்முடைய மைத்துனர் காளவாயிலிருந்து இனாமாக வரட்டும். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்?"

மாடமுடையார் வாசல் வாசலாகச் சுற்றிச் சுருட்டி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது.

கரையை அடைத்தார்கள். ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது, கரை நின்றது. புது அறையில் ராணிக்குப் பெண் பிறந்தாள். பெயர் சூட்டிய அன்று நிறைந்த சபையில் ராஜா அமைச்சரை அழைத்தான்.

"அம்பலவாணரே, உமக்கும் நாலு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். நன்செய் நிலமா, பெரிய வீடா, பொன்னா? எது வேண்டுமோ கேளும், இப்போதே தருகிறேன்."

அமைச்சர் கை கூப்பினார். "இப்போது சொல்ல முடியாது, மகாராஜா. வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்."

சபையில் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"கேட்டு வாரும்" என்றான்.